தணிக்கைச் சான்றிதழா, தொழிலாளியின் புகாரா: முதல் செலவு எதற்கு?

விநியோகச் சங்கிலியில், அதாவது மூலப்பொருளிலிருந்து கடை வரை பொருள் கடந்துவரும் இடங்களில், மனித உரிமை மீறல்களையும் சுற்றுச்சூழல் கேடுகளையும் கண்டறியத் தயாராகும் நிறுவனத்துக்கு மூன்று வழிகள் உண்டு: சப்ளையரிடம் உறுதிமொழி வாங்குவது, தணிக்கையாளரை அனுப்புவது, தொழிலாளர்களே புகார் சொல்ல வழிசெய்வது.

உறுதிமொழி மலிவு. பொறுப்பைச் சப்ளையரின் தலையில் ஏற்றுமே தவிர, பாதிப்பைக் குறைக்காது.

பலரும் நம்புவது தணிக்கையைத்தான். கூலிப் பதிவேடு, வயதுச் சான்று, தீயணைப்புக் கருவி ஆகியவற்றைச் சரிபார்க்க அது வேண்டும். ஆனால் இரவில் ஆற்றில் திறந்துவிடும் சாயக்கழிவு, சொல்லிவிட்டுப் பகலில் வருபவரின் கண்ணில் படாது. கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் ஆடை ஆலை 2012 ஆகஸ்டில், தணிக்கைக்குப் பின் பணிச்சூழலுக்கான சர்வதேசச் சான்றிதழ் பெற்றது. செப்டம்பர் 11 அன்று அங்கே தீப்பிடித்தது. பூட்டிய கதவுகளுக்கும் கம்பியடித்த ஜன்னல்களுக்கும் பின்னால் 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மூன்றாவது வழியை நான் முதலில் வைப்பதற்குக் காரணம், ஆடை ஆலைகள் இயங்கிய வங்கதேசத்தின் ரானா பிளாசா கட்டடம். 2013 ஏப்ரல் 23 அன்று அதில் விரிசல் கண்டது. அங்கிருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றிவிட்டது. ஆடைத் தொழிலாளர்களும் விரிசலைப் பார்த்தார்கள், பயந்தார்கள். ஆனாலும் மறுநாள் வேலைக்கு வரும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். அன்று கட்டடம் இடிந்து விழுந்து 1,100-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஆபத்து அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. மறுக்கும் உரிமைதான் இல்லை. அதே ஆண்டு தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் செய்துகொண்ட வங்கதேசப் பாதுகாப்பு ஒப்பந்தம் அந்த உரிமையைத் தந்தது. புகார் வழிமுறையை ஏற்படுத்தியது, ஆய்வறிக்கைகளை வெளியிடவும் செய்தது. பெரிய நிறுவனங்கள் இத்தகைய பாதிப்புகளைக் கண்காணித்துத் தடுக்க வேண்டும் என்ற பிரான்சின் 2017 சட்டம், தொழிற்சங்கங்களுடன் கலந்து எச்சரிக்கை வழிமுறையை அமைக்கச் சொல்கிறது. 2023-இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டமும் புகார் வழிமுறையைக் கட்டாயமாக்கியது.

இந்த வழியிலும் சிரமம் உண்டு. நம்பிக்கை உருவாக நாளாகும். சங்கிலியின் கடைக்கோடியில் இருக்கும் சுரங்கத்துக்கோ பருத்திக் காட்டுக்கோ ஒரு தொலைபேசி எண் மட்டும் போதாது. இன்னொன்று, புகார் பல நேரம் வாங்குபவரின் வாசலுக்கே திரும்பி வரும். ஓய்வில்லாத கூடுதல் நேர வேலை என்ற புகாரைத் தோண்டிப் பார்த்தால், கடைசி நேரத்தில் ஆர்டரை மாற்றிய உங்கள் கொள்முதல் பிரிவே காரணமாக இருக்கலாம். ஆகவே விலையையும் கெடுவையும் தீர்மானிப்பவர்கள் இந்த ஏற்பாட்டில் முதல் நாளிலிருந்தே உட்கார வேண்டும்.

தணிக்கையை நிறுத்தச் சொல்லவில்லை. புகார் சுட்டும் இடத்துக்கு, முன்னறிவிப்பின்றி அதை அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து, புகார் சொன்னவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்றும் பாருங்கள்.