ரெப்ளிகா ஓடுகிறது என்று சொல்லியே ஏழு மாதம் பணம் வாங்கினார்கள்

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு ரெப்ளிகேஷன் (மெயின் சர்வரில் நடக்கும் மாற்றங்களை ரெப்ளிகா என்ற இன்னொரு சர்வரில் உடனுக்குடன் நகலெடுப்பது) போட வெளியாளிடம் வேலை கொடுத்திருப்பவர்களும் கொடுக்கப் போகிறவர்களும் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். எங்களுக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் கம்பெனி பெயரைப் போடவில்லை.

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பு. பில், ரசீது, பார்ட்டி பாக்கி எல்லாம் ஒரே சர்வரில், மைஎஸ்க்யூஎல் 5.7. ராத்திரி 11 மணிக்கு டம்ப் (மொத்த டேட்டாவின் நகல் கோப்பு) எடுத்து வேறு டிஸ்க்கில் போட்டு வைப்போம், அவ்வளவுதான் பாதுகாப்பு. சாயங்காலம் சர்வர் படுத்தால் அன்றைய வியாபாரக் கணக்கு முழுக்கப் போய்விடும் என்று முதலாளியிடம் பேசி ரெப்ளிகேஷனுக்குச் சம்மதம் வாங்கியவன் நான்தான். அமைத்துக் கொடுக்க 1,40,000 ரூபாய், மாதப் பராமரிப்பு 9,000 ரூபாய் என்று பேசி முடித்தோம்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் இரண்டு பேர் வந்து வேலையை முடித்துவிட்டுப் போனார்கள். போகும்போது ஒருவர், "ரெப்ளிகா இருக்கும்போது தினமும் டம்ப் எதுக்கு சார், சர்வருக்குத்தான் சுமை" என்று சொல்லி தினமும் தானாக டம்ப் எடுக்கும் கிரான் ஏற்பாட்டை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். இன்றைக்கும் நெஞ்சை அறுப்பது அந்த ஒரு வேலைதான். மாதாமாதம் ஒரு ரிப்போர்ட் வரும். மெயினிலிருந்து மாற்றங்களை வாங்கும் ஐஓ த்ரெட் 'யெஸ்', அவற்றை ரெப்ளிகாவில் ஓட்டும் எஸ்க்யூஎல் த்ரெட் 'யெஸ்', ரெப்ளிகா எத்தனை விநாடி பின்தங்கியிருக்கிறது என்று காட்டும் செகண்ட்ஸ் பிஹைண்ட் மாஸ்டர் பூஜ்யம், எல்லாம் பச்சை நிறத்தில். பார்த்துவிட்டுப் பில்லைப் பாஸ் பண்ணிவிடுவோம்.

மார்ச்சில் மெயின் சர்வரில் டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு கன்ட்ரோலர் போனது. இரண்டு டிஸ்க்கிலும் டேட்டா சிதைந்துவிட்டது. ரெப்ளிகாவை மெயினாக மாற்றிக் கால் மணி நேரத்தில் பில் போட வைத்துவிட்டார்கள். கடையே அவர்களைப் பாராட்டியது.

மூன்றாம் நாள் கரூரிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். எங்களிடம் இருபது வருஷமாகச் சரக்கு எடுப்பவர். "ஏனுங்க தம்பி, பிப்ரவரில கட்டுன 86,400 ரூவா இன்னும் பாக்கின்னு உங்க ஸ்டேட்மென்ட் வந்துருக்குதுங்களே. ரசீது எங்கையில இருக்குதுங்க." ரசீது எண்ணைக் கேட்டு டேபிளில் தேடினேன். அந்த எண் இருந்தது. ஆனால் பார்ட்டி பெயர் 'டெஸ்ட் பார்ட்டி', தொகை 1 ரூபாய்.

அப்புறம்தான் ரெப்ளிகாவின் மை.சிஎன்எஃப் என்ற அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். கடைசிக்கு மேல் வரியில் 'ஸ்லேவ் ஸ்கிப் எரர்ஸ் = ஆல்' என்று இருந்தது. ஸ்லேவ் என்பது ரெப்ளிகாதான். என்ன பிழை வந்தாலும் நிற்காதே, தாண்டிப் போய்க்கொண்டே இரு என்று அதற்கு அர்த்தம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இதை மாற்ற முடியாது. கோப்பில் எழுதி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால்தான் எடுபடும். கை தவறி விழுந்த வரி அல்ல, தெரிந்தே எழுதியது. 'ஆல்' என்று போடாதே, போட்டபின் இரண்டு பக்க டேட்டாவும் ஒத்துப்போகவில்லை என்று எங்களிடம் புகார் சொல்ல வராதே என்று மைஎஸ்க்யூஎல் கையேட்டிலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

ஏன் எழுதினார்கள் என்பதும் அந்த மெஷினில் கிடந்த கட்டளை ஹிஸ்டரியிலிருந்து தெரிந்தது. முதல் நாள் டம்ப் எடுக்கும்போது டேபிள்களைப் பூட்டாமல் எடுக்கும் சிங்கிள் டிரான்சாக்ஷன் ஆப்ஷன் போட்டிருக்கிறார்கள், அது சரி. கூடவே மாஸ்டர் டேட்டா ஆப்ஷனும் போட்டிருக்க வேண்டும். டம்ப் எந்தப் பின்லாக் (மெயினில் நடக்கும் மாற்றங்களை வரிசையாகப் பதியும் கோப்பு) இடத்துக்கு உரியது என்பதை அதுதான் டம்ப்புக்குள்ளேயே எழுதி வைக்கும். அதைப் போடாமல், டம்ப் முடிந்த பிறகு, பின்லாக் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டும் ஷோ மாஸ்டர் ஸ்டேட்டஸ் கட்டளையைக் கொடுத்துப் பார்த்து, அப்போது காட்டிய இடத்திலிருந்து ரெப்ளிகாவை ஓடவிட்டிருக்கிறார்கள். டம்ப் ஓடியது சுமார் 40 நிமிடம். அந்த 40 நிமிடத்தில் போட்ட பில்கள் டம்ப்பிலும் இல்லை, பின்னால் வந்த பின்லாக்கிலும் இல்லை. அன்று மத்தியானத்துப் பில் எண்களைப் பார்த்தால் வரிசையாக ஒரு துண்டை வெட்டி எடுத்ததுபோல் இருக்கிறது.

அந்தப் பில்களில் ஒன்றை மெயினில் யாராவது திருத்தியதும், ரெப்ளிகாவில் அப்படி ஒரு வரியே இல்லை என்று 1032 பிழை வந்து ரெப்ளிகேஷன் நின்றிருக்கும். அது நிற்பதே நமக்குச் செய்கிற உபகாரம், இங்கே ஏதோ தப்பு என்று சொல்கிறது. புது டம்ப் எடுத்து மறுபடி அமைப்பதற்குப் பதில் அதன் வாயை அடைத்துவிட்டார்கள்.

அதோடு போகவில்லை. ரெப்ளிகாவில் ரீட் ஒன்லி (படிக்க மட்டும் விட்டு, எழுத விடாத அமைப்பு) போடவே இல்லை. வேறு யாருக்கோ டெமோ காட்ட எங்கள் ரெப்ளிகாவிலேயே நேராக ரசீது போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த டெஸ்ட் ரசீது அடுத்த எண்ணைப் பிடித்துக்கொண்டது. பின்னாலேயே மெயினிலிருந்து கரூர்க்காரருடைய உண்மையான ரசீது அதே எண்ணில் வந்தது. ஏற்கெனவே இருக்கிறதே என்று 1062 பிழை. பிழை வந்தால் தாண்டு என்று உத்தரவு இருப்பதால் 86,400 ரூபாயைத் தாண்டிப் போய்விட்டது. இவ்வளவுக்குப் பிறகும் செகண்ட்ஸ் பிஹைண்ட் மாஸ்டர் பூஜ்யம்தான் காட்டும். வந்துசேர்ந்த மாற்றங்களை ஓட்டி முடித்தாயிற்றா என்பதுதான் அதற்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே டேட்டாதானா என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

கேட்டபோது முதலில் உங்கள் நெட்வொர்க் கோளாறு என்றார்கள். மை.சிஎன்எஃப் வரியைக் காட்டியதும், "அக்ரிமென்ட்ல ரெப்ளிகேஷன் ஆக்டிவேட் பண்றதுன்னுதான் இருக்கு சார், டேட்டா சரிபார்க்கிறதுன்னு இல்லை" என்றார்கள். எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது அந்த வார்த்தையை நான் யோசிக்கவில்லை.

அதனால் இப்போதே உங்கள் ரெப்ளிகாவில் ஷோ வேரியபிள்ஸ் கட்டளை கொடுத்து 'ஸ்லேவ் ஸ்கிப் எரர்ஸ்' என்ன காட்டுகிறது என்று பாருங்கள். ஆஃப் என்று இருக்க வேண்டும். புதிய 8.0 வெளியீடுகளில் ஸ்லேவ் என்பதை ரெப்ளிகா என்று மாற்றியிருக்கிறார்கள், அந்தப் பெயரில் தேடுங்கள். ரீட் ஒன்லி மட்டும் போதாது, சூப்பர் என்ற நிர்வாகி உரிமை உள்ள யூசரை அது தடுக்காது. சூப்பர் ரீட் ஒன்லியும் ஆன் ஆக இருக்க வேண்டும். பெர்கோனா டூல்கிட்டில் பிடி டேபிள் செக்சம் என்று இலவசக் கருவி இருக்கிறது, இரண்டு பக்கமும் டேபிள் டேபிளாகக் கணக்கிட்டு எங்கே வித்தியாசம் என்று காட்டிவிடும். மாத ரிப்போர்ட்டில் அதன் முடிவு இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். இதெல்லாம் புரியாத முதலாளி என்றால், ஆறு மாதத்துக்கு முந்தைய பத்து ரசீதும் நேற்றைய பத்து ரசீதும் கையில் எடுத்துக்கொண்டு, ரெப்ளிகாவிலிருந்து கண் முன்னால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

டம்ப்பை மட்டும் எக்காரணத்துக்கும் நிறுத்தாதீர்கள். மெயினில் ஒருவர் தவறாக டெலீட் கொடுத்தால் அதுவும் ரெப்ளிகாவுக்கு உடனே போய்விடும். 2017 ஜனவரி 31 அன்று புரோகிராம் கோடுகளைச் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லேப் கம்பெனியில் ரெப்ளிகேஷன் கோளாறைச் சரிசெய்யப் போய், இன்னொரு சர்வர் என்று நினைத்து மெயின் சர்வரின் டேட்டாவையே ஒருவர் அழித்துவிட்டார். எடுத்ததாக நம்பியிருந்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டம்ப்பும் வெர்ஷன் பொருந்தாமல் எடுபடாமலே இருந்தது அப்போதுதான் தெரிந்தது. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவின் நகல்) ஒன்று இருந்ததால் பிழைத்தார்கள். எங்களிடம் இருந்த கடைசி டம்ப் ஏழு மாதப் பழசு.

கணக்குப் பிரிவு அக்காமார் மூன்று பேர் பதினாறு நாள் உட்கார்ந்து கார்பன் காப்பி ரசீதுப் புத்தகங்களையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் வைத்து ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினார்கள். 19 ரசீதுகளுக்கு மட்டும் எங்களிடம் எந்தத் தாளும் இல்லை. அந்தப் பார்ட்டிகளுக்கு முதலாளியே போன் செய்து, அவர்கள் சொன்ன தொகையை அப்படியே வரவு வைத்திருக்கிறார்.