தனித்தனி ஸ்ப்ளிட்டா, மல்டி ஸ்ப்ளிட்டா: மூன்று படுக்கையறை வீட்டுக்கு எது ஏற்றது?

சென்னையில் மூன்று படுக்கையறை வீடு கட்டுபவர்களுக்கு ஏசி வாங்கும் கட்டத்தில் இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. அறைக்கொரு ஸ்ப்ளிட் ஏசி வாங்கி, ஒவ்வொன்றின் அவுட்டோர் யூனிட்டையும் அந்தந்த அறைக்கு வெளியே பொருத்துவது ஒன்று. மொட்டை மாடியில் ஒரே ஒரு பெரிய அவுட்டோர் யூனிட்டை வைத்து, அதிலிருந்து மூன்று அறைகளுக்கும் செப்புக் குழாய் இழுக்கும் மல்டி ஸ்ப்ளிட் மற்றொன்று. இரண்டிலும் காற்றைச் சுமந்து செல்லும் பெரிய தகரக் குழாய்களுக்கும், அவற்றை மறைக்கும் தாழ்ந்த கூரைக்கும் வேலை இல்லை. அவுட்டோர் யூனிட்டுகளுக்கு நல்ல காற்றோட்டமுள்ள இடம் இருக்கும் வீட்டுக்குத் தனித்தனி ஸ்ப்ளிட்டே மேலானது என்பதே என் கருத்து. இடம் இல்லாத வீட்டில்தான் மல்டி ஸ்ப்ளிட் தன் விலைக்கு நியாயம் செய்கிறது.

முதலில் மின்செலவைப் பார்க்கலாம். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு, அதாவது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். கத்திரி வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்கு அறைக்கு அந்தத் திறன் முழுவதும் தேவைப்படலாம்; ஆனால் இரவு இரண்டு மணிக்கு, அறை ஏற்கெனவே குளிர்ந்து கதவும் மூடியிருக்கும்போது, அதில் ஒரு சிறு பங்கே போதும். இன்வெர்ட்டர் ஏசியின் பெருமையே, கம்ப்ரஸரின் வேகத்தைக் குறைத்து அந்தச் சிறு பங்கை மட்டும் தருவதுதான். ஆயினும் எந்தக் கம்ப்ரஸருக்கும் வேகத்தைக் குறைப்பதற்கு ஓர் எல்லை உண்டு. மூன்று அறைகளுக்குமாக வடிவமைக்கப்பட்ட பெரிய கம்ப்ரஸரை ஓர் அறைக்காக மட்டும் இயக்கினால், அதன் குறைந்தபட்ச வேகமே அந்த அறையின் தேவைக்கு மிஞ்சிவிடும். அது நிற்பதும் ஓடுவதுமாக மாறி, இன்வெர்ட்டருக்காகக் கொடுத்த பணத்தின் பலனில் ஒரு பகுதி போய்விடும். நம் வீடுகளில் பெரும்பாலான இரவுகள் இப்படித்தான் கழிகின்றன: பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள், பெரியவர்களுக்கு மின்விசிறி போதும், ஒரே ஓர் அறையில்தான் ஏசி ஓடும். இரண்டு மாதத்துக்கொரு முறை கணக்கிட்டு, யூனிட் கூடக்கூடக் கட்டண விகிதமும் ஏறும் தமிழ்நாட்டு முறையில் இந்த வேறுபாடு பில்லில் தெரியும். ஆகவே மல்டி ஸ்ப்ளிட் வாங்குவதாக இருந்தால், விவரத்தாளில் நட்சத்திரங்களை எண்ணுவதோடு நிற்காமல், குறைந்தபட்சக் குளிரூட்டும் திறன் எவ்வளவு என்ற வரியையும் தேடிப் படிக்க வேண்டும்.

பழுது என்று வந்தால் வேறுபாடு இன்னும் கடுமையானது. மே மாதத்தில் தனி ஸ்ப்ளிட் ஒன்று நின்றால் குடும்பம் பக்கத்து அறையில் படுத்துக்கொள்ளலாம். மல்டி ஸ்ப்ளிட்டின் கம்ப்ரஸரோ அவுட்டோர் போர்டோ பழுதானால் வீடு முழுவதும் ஒரே நேரத்தில் வெந்துபோகும். தனி ஸ்ப்ளிட்டைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் அநேகமாக எல்லாத் தெருவிலும் கிடைப்பார். மல்டிக்குப் பெரும்பாலும் நிறுவனத்தின் ஆளுக்காகவும் உதிரி பாகத்துக்காகவும் காத்திருக்க நேரும். தவிர, தனித்தனியாக வாங்குபவர் இந்த ஆண்டு ஓர் அறை, அடுத்த ஆண்டு இன்னோர் அறை என்று கைக்குத் தக்கபடி வாங்கலாம்.

அப்படியானால் மல்டி ஸ்ப்ளிட் யாருக்கு? தியாகராய நகர், மயிலாப்பூர் போன்ற நெருக்கமான பகுதிகளில் பல குடியிருப்புகளில் அவுட்டோர் யூனிட்டுக்கென்று விடப்பட்டிருப்பது, நான்கு பக்கமும் சுவர் சூழ்ந்த குறுகிய திறப்பு மட்டுமே. அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக யூனிட்டுகளைத் தொங்கவிட்டால், கீழ் யூனிட் கக்கும் சூடான காற்றையே மேல் யூனிட் இழுத்துக்கொள்கிறது. சுற்றியிருக்கும் காற்று சூடானால் திறன் குறையும், மின்சாரம் கூடும். அத்தகைய வீட்டில், திறந்த பால்கனியிலோ மொட்டை மாடியிலோ ஒரே யூனிட்டை வைக்கும் வசதிக்காக மல்டியின் மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்வது சரியான முடிவே. கட்டடத்தின் முகப்பில் எதையும் மாட்டக் கூடாது என்று சங்கம் விதித்திருக்கும் குடியிருப்புகளுக்கும் இது பொருந்தும்.

குழாய் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஏசியின் ஆயுளில் பெரும்பகுதி பொருத்தும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஒவ்வோர் இன்டோர் யூனிட்டுக்கும் இரண்டு செப்புக் குழாய்கள். ஒவ்வொரு குழாய்க்கும் இரு முனையிலும் ஒரு பிளேர் இணைப்பு, அதாவது குழாயின் வாயை விரித்து நட்டால் இறுக்கும் இணைப்பு. ஆக ஓர் அறைக்கு நான்கு. மூன்று அறைகளுக்கும் சேர்த்து இரண்டு முறையிலும் பன்னிரண்டு இணைப்புகள்தான். ஆனால் தனித்தனி ஸ்ப்ளிட்டில் அவை மூன்று தனிச் சுற்றுகளில் பிரிந்து கிடக்கின்றன. வழக்கமான மல்டியில் பன்னிரண்டும் ஒரே சுற்றில் இருப்பதால், எந்த ஓர் இணைப்பு கசிந்தாலும் மொத்தக் கேஸும் போய்விடும். அதனால் மல்டி பொருத்தும்போது கசிவைக் கண்டறியும் நைட்ரஜன் அழுத்தச் சோதனையும், குறித்த விசையளவில் முடுக்கும் டார்க் ரெஞ்ச் கொண்டு நட்டை இறுக்குவதும் கட்டாயம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். குழாயில் உள்ள காற்றை வாக்யூம் பம்ப் கொண்டே எடுக்க வேண்டும். கேஸைச் சற்றுத் திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளும் பழைய பழக்கத்தை எந்த ஏசியிலும் அனுமதிக்கக் கூடாது. குளிரூட்டும் கேஸ்களில் இப்போது பரவலாக உள்ள ஆர்-32 மெல்லத் தீப்பற்றக்கூடிய வகையைச் சேர்ந்தது. புவி வெப்பமாக்கும் திறனில் (கரியமில வாயுவுக்கு 1 என்று கொண்டால்) ஆர்-410ஏ என்ற முந்தைய கேஸின் 2,088 என்ற அளவோடு ஒப்பிட இதன் 675 குறைவுதான் என்றாலும், வீணாகத் திறந்துவிடத் தக்கதன்று. சுவருக்குள் குழாயைப் புதைப்பதானால் நடுவில் இணைப்பே இல்லாத ஒரே நீளமாகப் புதைக்க வேண்டும், பூச்சு வேலைக்கு முன்பே. டிரெயின் பைப் வழி முழுவதும் சரிவாகச் செல்ல வேண்டும். இடையில் ஓரிடத்தில் மேலேறினாலும் தண்ணீர் தேங்கி, பிறகு அறைக்குள் சொட்டும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று அவுட்டோர் காயிலை அரிக்கும். கடலை நேராகப் பார்க்காத பக்கத்தில் ஒரே யூனிட்டை வைக்க முடிவது மல்டிக்கு ஒரு சாதகம்.

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் வீடுகளுக்குக் கணக்கே வேறு. அங்கே வேண்டியது வெப்பம். ஆகவே குளிரும் வெப்பமும் தரும் ஹாட் அண்ட் கோல்ட் வகையைத்தான் பார்க்க வேண்டும். ரூம் ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பமே தரும். இந்த வகை ஏசி வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இறைப்பதால், மிதமான குளிரில் ஏறத்தாழ மூன்று மடங்கு தரவல்லது. உறைபனி இரவுகளில் அவுட்டோர் காயிலில் பனி படிவதும், அதைக் கரைக்க இயந்திரம் சில நிமிடம் வெப்பம் தருவதை நிறுத்துவதும் இயல்பு. வெளியே எத்தனை டிகிரி வரை வெப்பம் தரும் என்பதை வாங்குமுன் விவரத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். மலையில் இரவு எல்லா அறைகளுக்கும் ஒருசேர வெப்பம் வேண்டியிருப்பதால், பெரிய கம்ப்ரஸர் வேலையில்லாமல் திணறும் குறை குறைகிறது. சாதாரண மல்டியில் ஓர் அறைக்குக் குளிரும் இன்னோர் அறைக்கு வெப்பமும் ஒரே நேரத்தில் கிடைக்காது என்பதும் அங்கே பொருட்டல்ல. ஆகவே மலை வீட்டுக்கு மல்டியை நான் தயங்காமல் பரிசீலிப்பேன்.

எதைத் தேர்ந்தாலும், அவுட்டோர் யூனிட்டின் இடத்தைக் கட்டட வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். இரண்டாவது மாடி சன்ஷேடின் விளிம்பில் கயிறுகூட இல்லாமல் நின்று ஒருவர் நட்டு முடுக்குவதை நம் ஊரில் அன்றாடம் காண்கிறோம். அது அவருடைய உயிர். பால்கனியிலோ மாடியிலோ தரையில் நின்றபடியே மூடியைத் திறந்து வேலை பார்க்க இயலாத இடத்தில் எந்த யூனிட்டையும் பொருத்த ஒப்புக்கொள்ளாதீர்கள்; அதற்காகக் குழாய் சில மீட்டர் கூடினால் கூடட்டும்.