ஃபியட்டா, ஹெரால்டா? கணக்கைத் தீர்மானிப்பது தகரம்

பழைய சின்ன கார் ஒன்றை வாங்கி ஓட்டவும் வேண்டும் என்று கிளம்பினால், பேச்சு கடைசியில் இரண்டு வண்டிகளில் வந்து நிற்கும். ஒன்று, நாம் ஃபியட் என்றே சொல்லும் பம்பாயின் பிரீமியர் பத்மினி. இன்னொன்று, மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. நான் எடுத்தது இரண்டு கதவு ஹெரால்டு. "ஃபியட்டை எடுங்க சார், சாமானுக்கு அலைய வேண்டாம்" என்றுதான் கேட்ட மெக்கானிக்குகளில் பாதிப்பேருக்கு மேல் சொன்னார்கள். சாமான் விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி. ஆனால் இந்த வயது வண்டியில் பெரிய பில் எஞ்சினுக்கு வருவதில்லை, டிங்கரிங் என்ற பாடித் தகர வேலைக்குத்தான் வருகிறது. என் கணக்கு அங்கேதான் மாறியது.

பொதுவான தொல்லைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இரண்டிலும் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். வீல் சிலிண்டர் கசியும், லைனிங் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் டிராஃபிக்கில் நின்றால் இரண்டுமே கொதிக்கும். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போடும் பழைய வைத்தியம் இன்னும் செல்லுபடியாகிறது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் இரண்டையும் வாங்கியவுடனே மாற்றிவிடுவது நல்லது. ஃபியட்டில் ஸ்டியரிங்கை ஒட்டியுள்ள கியர் லீவரின் புஷ்கள் தேய்ந்தால் கியர் தேட வேண்டியிருக்கும். ஹெரால்டுக்குத் தரையில் கியர், அந்தத் தொல்லை இல்லை.

உதிரி பாகத்தில் ஃபியட் பக்கம்தான் பலம். 1990களின் கடைசி வரை தயாரான வண்டி அது. பம்பாய் டாக்சிகள் அதை நம்பியே ஓடின. கிங்பின் செட், கிளட்ச் பிளேட் எல்லாம் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ கேட்டால் யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். 2023 அக்டோபரில் பம்பாயில் கடைசி பத்மினி டாக்சியும் ஓய்வு பெற்றுவிட்டது. டாக்சிக்காக ஓடிய உதிரி பாக உற்பத்தி இனி எத்தனை காலம் தாங்கும் என்பது என் சந்தேகம். ஆனால் இன்றைய நிலையில் ஹெரால்டுக்கு அந்த வசதி கிடையாது.

இனி தகரம். ஃபியட்டுக்கு சேஸிஸ் என்ற தனி அடிச்சட்டம் இல்லை; பாடியே பாரத்தைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி, தரைத் தகடு, ஜாக்கி வைக்கும் இடம் எல்லாம் எலும்பு மாதிரி. அங்கே துரு ஏறினால் கதவு தொங்கும், மூடினால் இடிக்கும். அதைச் சரிசெய்ய வண்டியை மட்டம் பார்த்து முட்டுக்கொடுத்து, அழுகியதை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பொறுமையான கை வேண்டும். அந்தக் கை இன்று குறைவு, கூலி அதிகம். பெரும்பாலான இடங்களில் நடப்பது, மேலே ஒரு தகட்டை ஒட்டி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்து விற்றுவிடுவது. இரண்டு மழைக்காலத்தில் அது கொப்புளமாகக் கிளம்பும். கடலோர ஊராக இருந்தால் அதற்கும் முன்பே.

ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ். அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். இதற்கு ஒரு கதை உண்டு: இங்கிலாந்தில் ஹெரால்டை உருவாக்கிய ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃபுக்கு பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை, 1953இல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிக்கொண்டது. முழு பாடி செய்ய ஆளில்லாமல், பல இடங்களில் பாகங்களைச் செய்து பூட்டும்படி வண்டியை வடிவமைத்தார்கள். அந்த நெருக்கடியின் பலனை இன்று நான் அனுபவிக்கிறேன். கூரை தனியாகக் கழலும். சில் வெறும் போல்ட்டில் நிற்கும் தகடு, எடை தாங்குவதில்லை. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னால் கவிழும். டயர் மேல் உட்கார்ந்தபடியே எஞ்சின் வேலை பார்க்கலாம். ஹெரால்டிலும் துரு உண்டு. சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் முதலில் இற்றுப்போகும். ஆனால் அவை நேரான பெட்டி வடிவத் தகடுகள். அளவு கொடுத்தால் சாதாரண ஃபேப்ரிகேஷன் பட்டறையில் செய்துவிடலாம். ஒன்று மட்டும்: முட்டுக்கொடுக்காமல் பாடியைத் தூக்கினால் கதவு இடைவெளி திரும்பச் சேராது.

ஹெரால்டின் ஆபத்து முன் சஸ்பென்ஷனில். முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடிப்பகுதி மரை போட்டு, டிரனியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் இறங்கும். அதற்குப் போட வேண்டியது 90 கியர் ஆயில். நம் பட்டறைகளில் பழக்கத்தில் கிரீஸ் கன்னை வைத்துவிடுவார்கள். கிரீஸ் இறுகி, தண்ணீர் தங்கி, மரை துருப்பிடித்து ஒருநாள் தண்டு முறியும், சக்கரம் மடங்கும். சர்வீஸுக்கு விடும்போது பக்கத்தில் நில்லுங்கள். இன்னொன்று, கிளட்சை மிதிக்கச் சொல்லி, எஞ்சின் முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிய முன்னும் பின்னும் நகர்ந்தால், கிராங்கை அப்படி நகராமல் பிடிக்கும் திரஸ்ட் வாஷர் போய்விட்டது, விலையை நிறையக் குறைத்துக் கேளுங்கள். வளைவில் வேகமாகப் போய்த் திடீரென ஆக்சிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்வாங்கும் குணமும் உண்டு. நான் சமவெளியில்தான் ஓட்டுகிறேன், மலைப்பாதை பற்றி அனுபவத்தில் பேச முடியாது.

இரண்டு கதவு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாலு கதவு ஹெரால்டும் அதற்குப் பின் வந்த கெஸலும் இந்தியாவுக்கென்றே செய்தவை. கதவோ கண்ணாடியோ போனால் இன்னொரு செத்த வண்டியில்தான் தேட வேண்டும். இரண்டு கதவுக்கு இங்கிலாந்திலிருந்து பாகம் வரும். சுங்க வரி கடிக்கும், ஆனால் வரும்.

அரசுக்குக் கட்டும் செலவில் வித்தியாசம் சின்னது. ஹெரால்டு 948 சிசி. 2022இல் நிர்ணயித்தபடி மூன்றாம் நபர் காப்பீடு ₹2,094. ஃபியட் 1,089 சிசி என்பதால் அடுத்த படி, ₹3,416. இருபது வருடம் தாண்டிய காருக்கு ஆர்சி புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து ₹10,000. ஐம்பது வருடம் தாண்டி, அசல் உருவில் இருந்தால் விண்டேஜ் பதிவுக்கு ₹20,000. பத்து வருடம் செல்லும், காப்பீட்டில் பாதி தள்ளுபடி. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது, ஆகவே நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மறுவிற்பனையில் ஃபியட்டைக் கேட்டு வருபவர்கள் அதிகம். ஹெரால்டை விற்க நினைத்தால் சரியான ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். நான் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை. பின்னால் பெரியவர்களை ஏற்றி இறக்க வேண்டிய வீடு என்றால் நாலு கதவுக்காகவே ஃபியட்தான் சரி. அதை எடுப்பவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள், சில் நெடுக ஒரு சின்ன காந்தத்தை வைத்துப் பாருங்கள். பட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாது.