தோல் புற்றுநோய்க் குறியீடு: ஐ.சி.டி.-10, ஐ.சி.டி.-11

கொழுந்து பறிக்கும் ஒருவருடைய கெண்டைக்காலில் பல வருடங்களாக ஆறாதிருந்த புண்ணின் ஓரம் தடித்து, பயொப்சியில் (திசுப் பரிசோதனையில்) செதிள்கலப் புற்றுநோய் என்று தெரியவந்திருக்கிறது என வைத்துக்கொள்வோம். நோய்களுக்குக் குறியீடு இட உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் பகுப்பின் பத்தாம் பதிப்பான ஐ.சி.டி.-10 இல் அவருடைய நோய் சி44.7, அதாவது மெலனோமா (நிறமிக் கலங்களில் தோன்றும் புற்றுநோய்) அல்லாத தோல் புற்றுநோய், இடம் கால். அதே வாட்டில் இன்னொருவருக்குக் காலில் அடித்தளக்கலப் புற்றுநோய் இருந்தால், அவருக்கும் சி44.7 தான். முன்னது நிணநீர்க் கணுக்களுக்குப் பரவக்கூடியது, பின்னது அவ்வாறு பரவுவது மிக அரிது என்ற வேறுபாடு அந்தக் குறியீட்டில் எங்கும் தெரிவதில்லை. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11 இவற்றை முறையே 2சி31, 2சி32 என்று முதலிலேயே பிரித்துவிடுகிறது.

மெலனோமாவில் இந்த நன்மை இன்னும் பெரிது. கருமையான தோலுள்ள மக்களிடம் வரும் மெலனோமாக்களில் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகியவற்றில் தோன்றும் வகைக்குக் கணிசமான பங்குண்டு. அதற்கு வெயில் முக்கிய காரணமுமல்ல. பழைய முறையில் உள்ளங்காலும் தொடையும் ஒரே சி43.7 இல் அடங்கிவிட, புதிய முறை இவ்வகைக்கு 2சி30.3 என்று தனி இடம் தருகிறது. தோட்டத் தொழிலாளரின் கால்களைப் பற்றி ஏதேனும் அறிய விரும்பும் எவருக்கும் இந்த ஒரு பிரிவே போதிய காரணம் என்பேன்.

ஆனால் ஐ.சி.டி.-10 கேட்கும் இடம், நோயாளரைப் பார்த்த அன்றே எவருக்கும் தெரியும், ஐ.சி.டி.-11 கேட்கும் வகை, நுண்ணோக்கியின் கீழ் பார்த்த பிறகே தெரியும். மலையகத்துச் சிறிய வைத்தியசாலையொன்றில் வெட்டியெடுத்த திசு கண்டிக்கோ பதுளைக்கோ போய் அறிக்கை திரும்புவதற்குள் நோயாளர் வீடு சென்று, அவருடைய சிகிச்சைக் குறிப்புகள் அடங்கிய கட்டில் சீட்டும் பதிவறைக்குப் போய்விட்டால், அங்கே குறியீடு இடுபவரிடம் ‘வகை குறிப்பிடப்படாதது’ என்பதைத் தவிர எழுத ஒன்றுமிராது. இடத்தையும் இடது வலதையும் ஐ.சி.டி.-11 இல் பின்னொட்டுக் குறியீடுகளாகச் சேர்க்கலாம். வேலை நெருக்கடியில் முதலில் விடுபடுவதும் அவைதாம். அப்படி வெறும் 2சி32 மட்டும் பதியப்பட்டால், பழைய முறைக்குத் திரும்ப மாற்றும்போது அது சி44.9, அதாவது இடம் குறிப்பிடப்படாதது என்றே ஆகும்.

ஆகவே சி44.7 ஐ அப்படியே 2சி31 ஆக்கும் மாற்று அட்டவணை எதையும் நம்ப முடியாது. மாறும் காலத்தில் பழைய குறியீட்டுடன் புற்றுநோய்ப் பதிவேடுகள் ஏற்கெனவே கையாளும் உருவவியல் எண்ணையும் (நுண்ணோக்கியில் தெரியும் புற்றுவகையைக் குறிக்கும் எண்) எழுதிவைப்பதே நான் பரிந்துரைக்கும் வழி: செதிள்கலத்துக்கு 8070/3, அடித்தளக்கலத்துக்கு 8090/3. அறிக்கை தாமதமாக வந்தால், கட்டில் சீட்டை மீண்டும் எடுத்து அந்த எண்ணைச் சேர்க்கும் பொறுப்பு பதிவறையில் ஒருவரிடம் பெயர் குறித்து ஒப்படைக்கப்பட வேண்டும்.