சந்தா குறைந்துவிட்டது, பக்க எண் இன்னும் தப்புதான்

ஆவணங்களை அலசும் ஏஐ கருவியின் சந்தா குறைந்ததிலிருந்து "ஆர்பிட்ரேஷன் (நடுவர் தீர்ப்பாய) வேலைக்கு வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். சுருக்கம் எழுதும், காலவரிசை போடும், அதெல்லாம் தெரிந்ததுதான். இரண்டு வருடமாகியும் தீராத எரிச்சல் பக்க எண்.

சான்றாவணம் சி-47, பக்கம் 118 என்று சொல்லும். பண்டிலில் (தீர்ப்பாயத்துக்குத் தரும் ஆவணத் தொகுப்பில்) 118ஐத் திறந்தால் வேறொரு கடிதம் இருக்கும். கருவி எண்ணுவது பிடிஎஃப் பக்கத்தை, தீர்ப்பாயம் பார்ப்பது அச்சான எண்ணை. முகப்பும் பொருளடக்கமும் 6 பக்கம் என்றால் உண்மையான இடம் 112. சரி, ஆறைக் கழித்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் நிலைக்காது. நடுவில் 112ஏ என்று ஒரு வரைபடத்தைச் செருகியிருப்பார்கள். அதற்குப் பிறகு ஏழைக் கழிக்க வேண்டும். கட்டுமானத் தகராறில் இப்படிச் செருகல்கள் எத்தனை வரும் என்று சொல்லவே வேண்டாம்.

செய்ய வேண்டியது: ஓசிஆருக்கு (ஸ்கேன் படத்தை எழுத்தாக மாற்றுவதற்கு) முன்பே எல்லாப் பக்கத்திலும் ஒரே மூலையில் பண்டில் எண்ணைப் பதியுங்கள். ஒரு சான்றுக்கு ஒரு கோப்பு என்று பிரித்து ஏற்றுங்கள். பக்க எண்ணைக் கேட்காமல், மூலத்தில் உள்ளபடியே பத்துச் சொல் கேட்டு வாங்கி, நீங்களே தேடுங்கள். அகப்படாவிட்டால் ஓசிஆர் பிழை, இல்லையென்றால் கட்டுக்கதை. 2023இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் அவியாங்கா வழக்கில், ஏஐ இட்டுக்கட்டிய, இல்லாத தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் காட்டியதற்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அது நீதிமன்றம் என்றாலும் பாடம் நமக்கும்தான்.

03/04/2019 என்பது ஏப்ரலா மார்ச்சா என்று கருவிக்குத் தெரியாது. அமெரிக்கத் தரப்பும் சிங்கப்பூர்த் தரப்பும் மோதும் வழக்கில், தாமதக் கணக்கே இதனால் ஒரு மாதம் நகரும்.

ஆனால் ரெட்ஃபெர்ன் அட்டவணையில் (எந்தெந்த ஆவணம் வேண்டும் என்று தரப்புகள் கேட்கும் பட்டியல்) இந்தக் கருவியை அடிக்க ஆளில்லை. எதிர் தரப்பு ஒரே ஆவணத்தை மூன்று விதமாகக் கேட்டிருப்பதை நொடியில் பிடிக்கும். சாட்சி வாக்குமூலத்துக்கும் தளக் கூட்டக் குறிப்புக்கும் உள்ள முரணை எடுத்துத் தருவதும் அருமை.

ரகசிய ஆவணம் ஏற்றும் முன் ஒப்பந்தத்தில் தரவுச் சேமிப்பு விதியைப் படியுங்கள். சிலிக்கான் வேலி ஆர்பிட்ரேஷன் அண்ட் மீடியேஷன் சென்டர் ஏஐ பயன்பாட்டுக்கு வெளியிட்ட 2024 வழிகாட்டுதல்களும் ரகசியக் காப்பை வலியுறுத்துகின்றன.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். வாங்குங்கள், ஆனால் மாதச் சந்தா போதும். மனுவுக்கும் விசாரணைக்கும் நடுவே வழக்கு மாதக்கணக்கில் தூங்கும்.