பள்ளிக்கூட வகுப்பறையில் ஏ.ஏ. கூட்டம்: கூடப் போய்வருகிறவளின் அனுபவம்

குடியை நிறுத்த நினைக்கிறவர்களுக்கும் அவர்களோடு வாழ்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வட சென்னையில் எங்கள் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு என் வீட்டுக்காரர் போகிறார். குடியை விட நினைக்கிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் அமைப்பு அது. ஏ.ஏ. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குடும்பத்தாரும் உட்காரலாம் என்கிற திறந்த கூட்டங்களுக்கு நானும் போவேன். யார் வருகிறார்கள் என்பது வெளியே போகக் கூடாது, அதனால் இடத்தைச் சொல்லவில்லை.

இதற்கு முன்னால் ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தோம். கட்டணத்தை முழுதாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, கதவைப் பூட்டி வைத்தார்கள். டாக்டர் வந்து பார்த்ததாகவே தெரியவில்லை. வெளியே வந்த வாரத்திலேயே பழையபடி ஆகிவிட்டார். அப்புறம் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்குப் போனோம். தினமும் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் குழம்பி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். கை நடுக்கம் அடங்கும்வரை மாத்திரை கொடுத்தார்கள். ஏ.ஏ. பற்றி எங்களுக்குச் சொன்னதும் அங்கிருந்த ஆலோசகர்தான். இதை அழுத்திச் சொல்கிறேன்: ஏ.ஏ. கூட்டத்தில் மருந்து கிடையாது, டாக்டரும் கிடையாது. முதலில் ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகு கூட்டம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற இலவச போதை மீட்பு உதவி எண்ணில் கேட்கலாம்.

கூட்டம் ஐந்தாம் வகுப்பு அறையில் நடக்கிறது. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் பெரிய ஆட்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சுவரில் வாய்ப்பாட்டு அட்டை, அதன் பக்கத்தில், குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகள் எழுதிய துணி பேனர். ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் நடக்கும். ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பிப்பார். அவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசுவதில்லை, புத்திமதி சொல்வதும் இல்லை. சொந்தக்காரர்கள் கூடிப் பஞ்சாயத்து பண்ணியபோதெல்லாம் தலை குனிந்து உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், இங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார். எதிரே இருந்த லாரி டிரைவரும் பேங்க் ஆபீசரும் அதே கதையைத் தங்கள் கதையாகச் சொன்னார்கள். 1935ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை சிகிச்சை டாக்டரும் இப்படித்தான் இரண்டு பேராக உட்கார்ந்து பேசி ஏ.ஏ.வைத் தொடங்கினார்களாம்.

கட்டணம் எதுவும் இல்லை. கடைசியில் ஒரு மஞ்சப்பை சுற்றி வரும். டீ, பிஸ்கட், வாடகை எல்லாம் அதில்தான். நான் ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டினேன். பை பிடித்திருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே, "வேணாம்மா. எங்க செலவை நாங்களே பாத்துக்கணும்னு எங்களுக்கு ஒரு மரபு இருக்கு" என்றார். முன்பணம் கேட்ட இடத்தைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு அந்த வார்த்தையிலேயே நம்பிக்கை வந்துவிட்டது.

ஆனால் உண்மையான உதவி கூட்டத்துக்கு வெளியே நடக்கிறது. என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை பார்க்கிறார். ஏழாம் தேதி சம்பளம். வரும் வழியில் டாஸ்மாக் கடை இருக்கிறது, பழைய கூட்டாளிகளும் அங்கேதான் நிற்பார்கள். பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆன ஒருவர் இவருக்கு ஸ்பான்சர். ஏற்கெனவே குடியை விட்டவர் புதியவருக்குத் துணையாக இருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சம்பள நாளில் அவரே போன் பண்ணி, "தம்பி, நான் ஸ்டாப்பிங்ல நிக்கிறேன், வா" என்பார். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள். எங்கள் வீட்டில் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு அவர் கிளம்புவார். வாழ்நாள் முழுக்க என்ற பேச்சே அவரிடம் கிடையாது, இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இரு என்பதுதான். எந்த ஆஸ்பத்திரியாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் ஆள் நிறுத்த முடியாது.

எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். பிரார்த்தனை உண்டு, "நாம் அறிந்துகொண்டபடியான இறைவன்" என்ற பேச்சு அடிக்கடி வரும். எந்த மதத்தையும் திணிப்பதில்லை. ஆனாலும் சாமி நம்பிக்கை இல்லாத ஒரு தம்பி நெளிவதைப் பார்த்திருக்கிறேன். செகண்ட் ஷிப்டு போகிறவர்களுக்கு நேரம் சரிப்படாது. குடிப்பழக்கம் உள்ள பெண்களை நான் அந்த அறையில் பார்த்ததில்லை. ஆண்கள் மட்டுமே இருக்கும் அறைக்குள் ஒரு பெண் வந்து பேசுவது நம் ஊரில் எவ்வளவு கஷ்டம்! அவர்களுக்கென்று ஏதாவது செய்தே ஆக வேண்டும்.

குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது. 1951லிருந்தே இயங்கும் அமைப்பு. மனைவிகளும் அம்மாக்களும் வருகிறார்கள். வீட்டுக்காரர் குடியை விட்டால்தான் போகலாம் என்றில்லை. அவர் குடித்துக்கொண்டிருந்தாலும் நீங்கள் போகலாம்.

முதல் தடவை போகிறவர்கள் கால் மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். டீ ஊற்றிக்கொண்டிருப்பவர்களிடம் இரண்டு வார்த்தை பேசினால் கூச்சம் குறையும். அன்றைக்கே எழுந்து பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சும்மா கேட்டுவிட்டும் வரலாம்.