ஸ்கேட் ஷூவில் ஆலி உரசும் இடத்தில் கேன்வாஸ் எதற்கு?

கொலாப் (வேறொருவரோடு கைகோத்து வெளியிடும் சிறப்புப் பதிப்பு) ஷூ ஜோடி ஒன்று பாதி விலைக்கு வந்திருக்கிறது, எடுக்கலாமா என்று நண்பர் கேட்டார். வேன்ஸ் ஓல்ட் ஸ்கூல் வடிவம்தான். பக்கக் கோடு, வாஃபிள் சோல் எல்லாம் தெரிந்ததே. இதே பதிப்பை நான் மாதக்கணக்கில் போட்டு ஸ்கேட்போர்டு ஓட்டியதில் இன்னும் ஆறாத எரிச்சல் ஒன்றே ஒன்று: ஷூவின் முன்பக்கம்.

1977-இல் ஓல்ட் ஸ்கூல் வந்தபோதே அதில் தோல் துண்டுகள் சேர்த்தார்கள், சீக்கிரம் தேயக்கூடாது என்பதற்காக. இந்தப் பதிப்பிலோ ஒரே பிரிண்ட் ஷூ முழுக்க ஓட வேண்டும் என்று முனையிலும் கேன்வாஸையே போட்டுவிட்டார்கள். போர்டின் மேல் ஒட்டியிருக்கும் கிரிப் டேப் கிட்டத்தட்ட உப்புத்தாள். ஆலி (கையால் பிடிக்காமல் போர்டோடு எம்பிக் குதிப்பது) அடிக்கும்போது சுண்டுவிரல் பக்கம் அதில் இழுபட்டு மேலேறும். ஸ்யூட் (வெல்வெட் போன்ற பரப்புள்ள தோல்) என்றால் பொடிப்பொடியாகத் தேயும், நாள் தாங்கும். கேன்வாஸில் ஓர் இழை அறுந்தால் போதும், பக்கத்து இழைகளும் பிரிந்து சாக்ஸ் தெரியும்.

ஓட்டை விழும் முன்பே ஷூ கூ (Shoe Goo) என்னும் ஷூ பசையைத் தடவிவிடுங்கள். உரசும் இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, தையல் மூடும் அளவுக்கு மெல்லிய பூச்சு, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். தடியாக அப்பினால் கால் மடங்கும்போது அப்படியே உரிந்து வரும்.

சோலைச் சுற்றிய ரப்பர் பட்டையிலும் வண்ண எழுத்து. விரல் மடங்கும் இடத்தில் பட்டை பிரிந்தால், பெயின்ட் மேலேயே பசை தடவிப் பயனில்லை. பசை பெயின்டைத்தான் பிடிக்கும், பெயின்ட் ரப்பரை விட்டுவிடும். 80 நம்பர் உப்புத்தாளால் ரப்பர் தெரியும்வரை தேய்த்து, இரு பக்கமும் கான்டாக்ட் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்கள். எழுத்து போய்விடும், வேறு வழியில்லை.

மற்றபடி வேலைப்பாடு அருமை. குதிகால் பக்கம் தைத்த நேர்த்தியை வழக்கமான ஜோடிகளில் பார்க்கவே முடியாது. நிறமும் துளி மங்கவில்லை. கழுத்துப் பகுதியின் பஞ்சு இன்னும் அமுங்காமல் இருக்கிறது.

ஆனாலும் பாதி விலைக்குக்கூட வேண்டாம் என்றேன். ஸ்கேட் செய்ய வேண்டுமென்றால், முனையில் ஸ்யூடும் அதற்கடியில் டியூராகேப் என்னும் வலுவூட்டும் ரப்பரும் உள்ள சாதாரணக் கறுப்பு ஜோடியே போதும்.